ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

ஆயுத பூசையன்று லோகநாதனின் குரலை நிறுத்தி வைத்தது வேறு யாருமில்லை, அவன் பெண்டாட்டி சுகந்திதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் கம்பெனி மேலும் நாத்தனார் மேலும் நீதிபதி மேலும் அவள் கோபப்பட்டதெல்லாம் நியாயம்தான். ஆனாலும் பொத்தானை அழுத்திய விரல் அவளுடையது. தன் மேலேயே வந்த அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் அவளை ஆட்டி வைத்தது.

திருப்பூர்ப் பக்கம் ஆயுத பூசை என்றால் மெஷின்களுக்கெல்லாம் ஓய்வு. பனியன் கம்பெனிகளில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து, மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். மறுநாள் கற்பூரம் காட்டித்தான் திரும்ப ஓட்டுவார்கள். வீடுகளிலும் அதே கதைதான். மெஷின்களுக்குப் புத்தி வந்து, ஃபிரிட்ஜ் தானே பால் வாங்கி, கதவு ஆளைப் பார்த்துத் திறக்கிற காலம் வந்த பிறகும் வழக்கம் மட்டும் மாறவில்லை. புத்தி இருந்தால் என்ன, அதுவும் உழைக்கிற ஜென்மம்தானே என்று அதன் நெற்றியிலும் சந்தனம் வைத்தார்கள்.

சுகந்தி வீட்டிலேயே ஓவர்லாக் மெஷின் போட்டுத் தைப்பவள். அதைத் துடைத்து எண்ணெய் விட்டாள். மிக்சி, கிரைண்டர், ஸ்கூட்டர் சாவி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினாள். லோகநாதன் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இதையும் வெச்சுக்க. வருசம் பூரா கத்துது, இன்னிக்கு ஒரு நாளாச்சும் சும்மா கெடக்கட்டும்" என்றது அவனுக்காகப் பேசுகிற பெட்டி.

சொல்லிவிட்டுப் பட்டையையும் பெட்டியையும் கழற்றி அவள் கையில் கொடுத்தான். அவள் பொத்தானை அழுத்தி நிறுத்தி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தாள். ஒவ்வொரு வருசமும் செய்வதுதான். அந்தக் குரலில் அவன் பேசிய கடைசிப் பேச்சு அது என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

பேச்சுப்பெட்டி என்பது தீப்பெட்டி அளவு சமாசாரம். தொண்டை நரம்பும் உதடும் அசைவதைக் கழுத்துப் பட்டை படித்துச் சொல்லும், பெட்டி அதைக் குரலாக்கும். லோகநாதனுக்கு அது வந்து ஐந்து வருசத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் அவன் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். முதலாளி பெயர் எதற்கு, ஊருக்கே தெரியும். அங்கே கழிவுத் தொட்டியில் சேறு அள்ள மூன்று பேரை இறக்கினார்கள். முருகானந்தம், சேது, ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் என்கிற பையன். மேலே கயிறு பிடித்து நின்றவன் லோகநாதன். கீழே சத்தம் நின்றதும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவனும் இறங்கினான். மூன்று பேரையும் பிணமாகத்தான் மேலே ஏற்ற முடிந்தது. விஷவாயு அவன் தொண்டையைப் பொசுக்கியது, கை நரம்பையும் கெடுத்தது. பேனா பிடித்தால் கோழி கிளறியது மாதிரிதான் கோடு விழும். போனில் ஓர் எழுத்தைத் தொட்டால் நாலு எழுத்து வரும்.

பெட்டி வருகிற வரைக்கும் அவன் உதட்டை அசைப்பான், சுகந்தி பார்த்துச் சொல்வாள். பிறகு பெட்டி வந்தது. குரல் செய்ய அவன் பழைய பேச்சில் மாதிரி கேட்டார்கள். அவளிடம் இருந்ததெல்லாம் வேலைக்குப் போன இடத்திலிருந்து அவன் போனில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள்தான். அத்தனையும் ஏச்சு. போனை ஏன் எடுக்கவில்லை, காதில் பஞ்சா வைத்திருக்கிறாய், கேஸ்காரன் வந்தானா இல்லையா. அதிலிருந்து செய்த குரல் எப்படி இருக்கும்? குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் சண்டைக்கு வருகிற மாதிரிதான் இருக்கும். சுகந்திக்கு அதுதான் பிடித்திருந்தது. சாவுக்குள் போய்த் திரும்பிய மனுசன் பழைய மாதிரியே வள்ளென்று விழுகிறானே என்று இருந்தது.

மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிவிட்டுப் பெட்டியைப் போட்டாள். அவன் பட்டையைக் கட்டிக்கொண்டு, காப்பியை வாயில் வைத்துவிட்டு முகம் சுளித்தான்.

"காப்பி இதமான சூட்டில் இருக்கிறது. மிக்க நன்றி" என்றது பெட்டி.

குரல் செய்தி வாசிக்கிறவர்கள் குரல். லோகநாதன் பெட்டியைக் குனிந்து பார்த்தான். சுகந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் மறுபடி என்னவோ கத்தினான். "எனக்குச் சற்று வியப்பாக உள்ளது" என்றது பெட்டி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மத்தியானம் சாப்பிடும்போது, உன் கைப்பக்குவம் பாராட்டுக்குரியது என்று சொன்னது. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அப்படி ஒரு சொல் அந்த வீட்டில் விழுந்ததில்லை. அவன் சொல்லவில்லை, பெட்டி சொன்னது என்று தெரிந்தும் அவளுக்கு ஒரு கணம் இனித்தது. அந்த ஒரு கணத்துக்காகப் பிற்பாடு தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சிரிப்பு சாயங்காலத்தோடு சரி. அடுத்த வாரம் விசாரணை ஆணையத்தில் லோகநாதனின் சாட்சியம். தொட்டிச் சாவு பற்றி விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு, அவர் ஒவ்வொரு சாட்சியாகக் கூப்பிட்டு, வாய்தா கொடுத்து, ஆறு வருசமாக இழுத்துக்கொண்டு வந்து கடைசியில் அவனிடம் நிறுத்தியிருந்தார். நேரில் பார்த்துக் கேட்ட சாட்சி அவனை விட்டால் வேறு கிடையாது. அன்று சூப்பர்வைசர் துரைராசு முதலாளிக்குப் போன் போட்டு, காற்று ஊதுகிற மெஷின் வரவில்லை, ஆளை நாளைக்கு இறக்கட்டுமா என்று கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. முதலாளி சொன்ன பதிலைக் கேட்டவர்கள் ஐந்து பேர். மூன்று பேர் செத்துப் போனார்கள். துரைராசு எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. மீதி லோகநாதன்.

அவன் அந்தப் பதிலைத் தினமும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பான், மறந்துவிடக் கூடாது என்று. அன்றும் சொல்லிப் பார்த்தான். முதலாளி சொன்னது, "செத்தா பார்த்துக்கலாம், எறக்கு." பெட்டி சொன்னது, "பாதுகாப்பைப் பின்னர் கவனித்துக்கொள்ளலாம், பணியைத் தொடங்குங்கள்."

இன்னொரு தடவை சொன்னான். அதுவும் இன்னொரு தடவை சொன்னது. அவன் தம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். "எனக்குச் சிறிது மனக்குறை உண்டு" என்றது பெட்டி. இந்தத் தடவை சுகந்தி சிரிக்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டாள். குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்று, சலவை மெஷினுக்கு இரண்டு, மிக்சிக்கும் கிரைண்டருக்கும் மூன்று என்று பதிவுக் குரல் ஒப்பித்துக்கொண்டே போய், வெந்நீர் ஹீட்டருக்கு அப்புறம் பேச்சுப்பெட்டி வந்தது. வீட்டு உபயோகப் பொருள்களில் அதுவும் ஒன்றாம். கடைசியில் நிவேதா என்று ஒரு பெண் வந்தாள். கேட்டுவிட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம் என்றாள். அப்படிப் பண்ணித்தானே இந்தக் கதி ஆனது என்றாள் சுகந்தி. இன்னொரு தடவை பண்ணாமல் புகார் பதிய சிஸ்டம் விடாது என்றாள் அவள்.

சுகந்தி பண்ணினாள். என்ன செய்வது, ஃபேன் முனகினாலும் அதுதான் வைத்தியம், மோட்டார் மக்கர் பண்ணினாலும் அதுதான் வைத்தியம், பாதிக்குப் பாதி நேரம் சரியாகவும் போய்விடும். கை பழகிப்போயிருந்தது. பெட்டி எழுந்ததும், வணக்கம், உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று லோகநாதனிடமே கேட்டது. கூட இருந்த அத்தனை வருசத்தில் அவனிடம் கற்றுக்கொண்டதெல்லாம் போய்விட்டது. நின்று நின்று, ஒவ்வொரு சொல்லாக, பச்சைப் பிள்ளை மாதிரி பேசியது. அப்போதும் மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க" என்றாள் சுகந்தி போனில்.

நிவேதா கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு விளக்கினாள். "பூஜைக்கு அப்புறம் ஆன் பண்ணினப்ப புது வெர்ஷன் வந்திருக்கு மேடம். அப்பவும் உங்க வீட்டுக்காரரோட பழைய பேச்செல்லாம் உள்ளே ஒரு ஓரமா இருந்திருக்கும். ரெண்டாவது தடவை ஆன் ஆகும்போதுதான் பழசை அழிச்சு இடம் பண்ணிக்கும்."

"ஆன் பண்ணாம வெச்சிருந்தா?"

"அப்படியே இருந்திருக்கும். சர்வீஸ் சென்டர்ல குடுத்தா எடுத்திருப்பாங்க."

"அப்பறம் எதுக்கம்மா என்னைய ஆன் பண்ணச் சொன்ன?"

"அதான் மேடம் முதல் ஸ்டெப்."

சுகந்தி போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டாள். பேச்சை ஏன் மாற்றிச் சொல்கிறது, அதையாவது நிறுத்து என்றாள். அது முடியாது என்றாள் நிவேதா. யாரோ ஒருவரின் பெட்டி கல்யாண வீட்டில் சம்பந்தியைக் கெட்ட வார்த்தையில் ஏசிவிட்டதாம். பேசியது மனுசனா மெஷினா என்று கேஸ் நடந்து, மெஷினைச் செய்தவர்களே பொறுப்பு என்று தீர்ப்பாகிவிட்டதாம். அன்றிலிருந்து கம்பெனியின் எந்தப் பெட்டியும் யார் மனதையும் புண்படுத்தாது. மெஷின்களெல்லாம் ஒரே நேரத்தில் நின்று எழும்புகிற நாள் ஆயுத பூசைதான் என்பதால் அன்றைக்கே புது வெர்ஷனை வைத்தார்களாம். லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"மூணு பேரக் கொன்னிருக்கறானுங்க கண்ணு. அதைச் சொல்றதுக்கு எங்கூட்டுக்காரரு ஒருத்தருதான் இருக்காரு. யாரு மனசு புண்படக் கூடாதுங்கற நீ? கொன்னவன் மனசா?"

உங்கள் உணர்வை மதிக்கிறோம் என்றாள் நிவேதா. சுகந்தி போனை வைத்துவிட்டு ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பீஸ்கூடத் தைக்க முடியவில்லை. யாராவது சதி செய்திருந்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றலாம். இதில் சதி என்று ஒன்றும் கிடையாது. எல்லாரும் அவரவர் சௌகரியத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயுத பூசை நோம்பிக்கு வர முடியாத நாத்தனார் செல்வராணி இரண்டு நாள் கழித்துத் தம்பியைப் பார்க்க வந்தாள். அவன் அவளை, ஆறு மாசமாய் எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டான். இரண்டு நாளில் திக்கல் விட்டிருந்த பெட்டி, அக்கா, தங்கள் வருகை மகிழ்ச்சி அளிக்கிறது என்றது. செல்வராணி பூரித்துப் போனாள். சமையல்கட்டுக்கு வந்து, "எந்தம்பி இப்பத்தான் அம்மணி மருவாதையாப் பேசறான். எதையாச்சும் நோண்டாம அப்படியே உட்டுரு" என்றாள்.

"உங்க தம்பி பேசலைங்க அண்ணி. உங்க தம்பி பேச்சைப் புடுங்கிப் போட்டாங்க. அது உங்களுக்கு மருவாதையாத் தெரியுது" என்றாள் சுகந்தி. செல்வராணி டீ குடிக்காமலே போய்விட்டாள். தெருவிலும் இரண்டொருவர் நாத்தனார் சொன்னதையே வேறு விதமாகச் சொன்னார்கள். முன்னெல்லாம் அவரிடம் பேசவே பயமாக இருக்கும், இப்போது பரவாயில்லை என்றார்கள். ஒருத்தனின் வாயை அடைத்ததற்கு இவ்வளவு பேர் சந்தோஷப்படுவார்களா என்று அவளுக்கு ஆறவேயில்லை.

தொழிலாளர்கள் பக்கத்து வக்கீல் அருள்மொழியிடம் போனாள். வாய்தா கேட்கலாம், ஆனால் ஆணையத்தின் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது, கேட்டால் ஒரேயடியாக மூடிவிடுவார்கள் என்றாள் அருள்மொழி. அவன் உதட்டைப் பார்த்து நான் சொல்கிறேனே என்றாள் சுகந்தி. பெண்டாட்டி சொல்வதை எடுக்க மாட்டார்கள், முத்திரை குத்தின பெட்டி பேசினால்தான் சாட்சியம் என்று விதி இருக்கிறது என்றாள் அருள்மொழி. விதியைப் போட்டவர்கள் பெட்டி பொய் சொல்லாது என்று நம்பிப் போட்டிருக்கிறார்கள்.

மீதி இருந்த நாளில் புருசனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து பழகினார்கள். பெட்டியை ஏமாற்ற முடியுமா என்று பார்த்தார்கள். சொல்லைப் பிரித்துச் சொன்னான், தலைகீழாகச் சொன்னான், சாவு என்கிற சொல்லே வராமல் சுற்றி வளைத்துச் சொன்னான். அது எல்லாவற்றையும் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டது. கடைசியில் அவன் பட்டையைக் கழற்றி மடியில் போட்டுவிட்டுச் சும்மா உதட்டை அசைத்தான். அவளுக்குப் புரிந்தது. முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு சரளமாகவே படித்தாள். ஆனால் அது எந்தச் சபைக்கும் ஏறாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

விசாரணை ஒரு பழைய அரசாங்கக் கூட்டரங்கில் நடந்தது. செத்துப்போன முருகானந்தத்தின் பெண்டாட்டி, சேதுவின் அம்மா அப்பா, பிகாஷுக்காக ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்த அவன் அண்ணன் எல்லாரும் முன்வரிசையில் இருந்தார்கள். இன்றைக்கு லோகநாதன் சொல்லிவிடுவான் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. சுகந்தியால் அவர்களை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. பார்வையைத் திருப்பியபோதுதான் நீதிபதி மேசைக்குப் பக்கத்தில் பதிவு மெஷினைப் பார்த்தாள். அங்கே பேசுகிறவர்களின் பேச்சையெல்லாம் எழுத்தாக்கிப் பெரிய திரையில் காட்டி, தன்னுள்ளே சேர்த்துவைக்கிற மெஷின். அதன் நெற்றியில் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன.

அவள் எட்டிப் பார்த்தாள். கம்பெனி பெயரைத் தேடினாள். அதே கம்பெனி.

லோகநாதனைக் கூப்பிட்டார்கள். நீதிபதி கறாரான ஆள், சிரிக்கவே மாட்டார். நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். அவன் சொல்லச் சொல்லப் பெட்டி, நண்பர்கள் மூவரும் பணியில் ஈடுபாடு கொண்டு தொட்டிக்குள் இறங்கினர் என்றது. முதலாளி சொன்ன பதிலை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"பாதுகாப்பைப் பின்னர் கவனித்துக்கொள்ளலாம், பணியைத் தொடங்குங்கள் என்று நிறுவனர் அறிவுறுத்தினார்" என்றது பெட்டி. திரையிலும் அதுவே வந்தது.

முதலாளி பக்கத்து வக்கீல் எழுந்தார். "ஆக, அந்த அவசரத்துலயும் என் கட்சிக்காரர் பாதுகாப்பைப் பத்திப் பேசியிருக்கார்னு சாட்சியே ஒத்துக்கறார். இதைக் குறிச்சுக்கணும்" என்றார்.

சுகந்தி எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. "எங்கூட்டுக்காரரு அப்படிச் சொல்லலைங்க. செத்தா பார்த்துக்கலாம், எறக்குன்னுதானுங்க மொதலாளி சொன்னாரு. பெட்டி மாத்திச் சொல்லுது" என்றாள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். சாட்சியின் துணைவியார், பாதுகாப்பைப் பின்னர் கவனித்துக்கொள்ளலாம் என்ற கருத்தை உறுதி செய்தார் என்று எழுத்து ஓடியது.

அவ்வளவுதான். முன்வரிசை கொதித்து எழுந்தது. முருகானந்தத்தின் பெண்டாட்டி வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினாள். பிகாஷின் அண்ணனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது, அவனும் கத்தினான். திரையில், அவையினர் ஆர்வம் தெரிவித்தனர் என்று வந்தது. வக்கீல், சாட்சியின் மனைவியை வெளியே அனுப்ப வேண்டும் என்றார். அருள்மொழி, மெஷினையே நம்ப முடியாது என்றாள். சான்றிதழ் பெற்ற மெஷினைக் குறை சொல்ல முடியாது என்று நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். ஒரு பெண்ணின் சொல்லை மெஷின் தலைகீழாகப் புரட்டியது அவர் கண்ணெதிரேதான் நடந்தது. அப்போதும் அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

சத்தம் அடங்காமல் போகவே அவர் மேசையைத் தட்டினார். "எல்லாரும் வாயை மூடுங்க. இது என்ன சந்தைக்கடையா" என்று கத்தினார்.

அனைவரும் அமைதி காக்குமாறு தலைவர் அன்புடன் கேட்டுக்கொண்டார் என்றது திரை.

நீதிபதி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அதைப் படித்தார். "நான் எப்பய்யா அன்புடன் கேட்டேன்?" என்றார்.

தலைவர் தமது அன்பு குறித்து வினவினார் என்று அடுத்த வரி வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். நீதிபதியின் முகம் சிவந்தது. இத்தனை வருசம் நாற்காலியில் உட்கார்ந்த மனுசனின் வார்த்தையை ஒரு மெஷின் மாற்றி எழுதுவதா? ஏழைகளின் பேச்சு மாறியபோது விதி பேசியவர், தன் பேச்சு மாறியதும் துடித்துப் போனார். சுகந்திக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனாலும் இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று அவளுக்குப் புரிந்தது.

மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஊழியன் ஓடி வந்தான். ஒன்றுமில்லை, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடும் என்றான். சொல்லிக்கொண்டே நிறுத்தினான். திரை கருத்தது. அவன் விரல் மறுபடி பொத்தானுக்குப் போனது.

"ஆன் பண்ணாத" என்றாள் சுகந்தி.

அவள் குரல் அரங்கத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. அவள் நடந்து போய் மேசைக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றாள். காவலர் ஒருவர் கையைப் பிடித்தார், உதறினாள்.

"ஐயா, பூசைக்கு ஒருக்கா இதை நிறுத்திப் போட்டிருக்கறாங்க, சந்தனம் இருக்குது பாருங்க. இப்ப ரெண்டாவது தடவை. இதை ஆன் பண்ணுனா முந்தி இருந்ததெல்லாம் அழிஞ்சு போயிருமுங்க. ஆறு வருசமா இங்க வந்து அழுதாங்களே, அத்தனை பேரு பேசுனதும் போயிரும். எங்கூட்டுல அப்படித்தானுங்க போச்சு. நானே என்ற கையில பண்ணுனனுங்க."

நீதிபதி ஊழியனைப் பார்த்தார். "அப்படியாய்யா?"

ஊழியன் இல்லை என்று சொல்லவில்லை. மேலே கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று இழுத்தான். வக்கீல் குறுக்கே வந்து, பதிவு மெஷின் ஓடாமல் நடக்கிற எதுவும் விசாரணையே ஆகாது, உடனே போடச் சொல்ல வேண்டும் என்றார். அவர் அவசரப்பட்டது நீதிபதிக்கும் பட்டிருக்க வேண்டும்.

"வேண்டாம். அது அப்படியே கெடக்கட்டும்" என்றார். ஒயரையும் பிடுங்கச் சொன்னார். பிறகு காகிதம் கேட்டார். அந்தக் கட்டடம் முழுக்கத் தேடி, எதற்கோ அடித்து மிச்சமான நோட்டீஸ்களின் பின்பக்கத்தையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்தார்கள். லோகநாதனைப் பார்த்துப் பட்டையைக் கழற்றச் சொன்னார். சுகந்தியிடம், அவர் உதட்டில் என்ன வருகிறதோ அதைச் சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்றார். வக்கீல் ஆட்சேபித்தார். உங்கள் ஆட்சேபத்தையும் எழுதிக்கொள்கிறேன், நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன், பயப்படாதீர்கள் என்றார் நீதிபதி.

சுகந்தி புருசனுக்கு எதிரே நின்றாள். அவன் உதடு அசைந்தது. முதல் வார்த்தையே முதலாளியைப் பற்றியது. அந்த மாதிரி வார்த்தைகளை அவன் வீட்டில் சொன்னால் அவள் சோறு போட மாட்டாள். அவள் வாயில் அது ஒரு நாளும் வந்ததில்லை. முன்வரிசையை ஒரு தடவை பார்த்தாள். சேதுவின் அம்மா தலையை ஆட்டினாள்.

"அந்த எச்சக்கல நாயி போன்ல சொன்னான்" என்றாள் சுகந்தி. "காத்து ஊதற மெஷின் வரலைன்னு துரைராசு சொன்னதுக்கு, செத்தா பார்த்துக்கலாம், எறக்குன்னு சொன்னான். சொல்லிப் போட்டுச் சிரிச்சான். பிகாஷுக்குப் புரியல, எங்கிட்ட என்ன சொல்றாருன்னு கேட்டான். நான் ஒண்ணுமில்லடா, எறங்குன்னு சொன்னேன்."

கடைசி வரியைச் சொல்லும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அதை அவன் எந்தப் பெட்டியிலும் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்த அத்தனை நாளும் அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டிருக்கிறான். லோகநாதன் அவளைப் பார்க்காமல் பிகாஷின் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ அவனுக்கு அதை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நீதிபதிக்குக் கையால் எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். நாயி என்பதையும் எழுதினார். எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினார். ஒரு வார்த்தை மாறவில்லை. சரிதானே என்று கேட்டுவிட்டு, போதும் என்கிற மாதிரி பேனாவை மூடினார்.

லோகநாதன் மேசையைத் தட்டினான். நடுங்குகிற கையால் தட்டியதில் காகிதம் நழுவியது. உதடு திரும்பவும் அசைய ஆரம்பித்தது.

"மூடாதீங்க" என்றாள் சுகந்தி. "அவிய இன்னும் முடிக்கலைங்க. எழுதுங்க."